போட்டோ எடுத்தாச்சு, பாப்பாவைப் பார்த்தாச்சா?

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் போயிருந்தேன். பந்தியில பக்கத்துல உக்காந்தவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், சென்னையில பெரிய கம்பெனி வேலை. பேத்தி எங்க படிக்கறான்னு கேட்டார். வீட்டுலதான் படிக்கறா, வாரத்துக்கு ஒரு நாள் அரசாங்க டீச்சர் வருவாங்கன்னு சொன்னேன். "பரவாயில்லையே மாமா, வீட்டுக்கே டீச்சரை அனுப்பறாங்களா? நீங்க குடுத்து வச்சவங்க"ன்னார். அதுக்குள்ள ரசம் வந்துடுச்சு, பேச்சு அப்படியே நின்னு போச்சு.

அவர் சொன்னது பொய் இல்லை. அரசாங்கம் அனுப்புது. ஆனா அனுப்பறதுக்கும் வந்து சேர்றதுக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு அவருக்குத் தெரியாது. உங்கள்ல பல பேருக்கும் தெரியாது. வழக்கமா நான் இங்க வெங்காயம், ஆடு, மழைன்னு எழுதிட்டுப் போயிடுவேன். இன்னிக்குக் கொஞ்சம் கோபமா எழுதப் போறேன். பொறுத்துக்குங்க.

எங்க தோட்டம் தாராபுரம் பக்கம். வீடு ஊருக்குள்ள இல்லை, தோட்டத்துச் சாளையிலதான் குடியிருக்கோம். நான், சம்சாரம், மகள், பேத்தி. மருமகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கார், ஞாயித்துக்கிழமை வருவார். பேத்திக்கு இப்ப 11 வயசு. பேர் வேண்டாம், பாப்பான்னே சொல்றேன்.

பாப்பாவுக்கு மூளை முடக்குவாதம். பொறந்தப்ப அழலை. கை கால் எப்பவும் இறுக்கமா இருக்கும், தானா உக்கார முடியாது. சத்தம் வரும், வார்த்தை வராது. அடிக்கடி வலிப்பு வரும், அதுக்கு மாத்திரை போடறோம். ஆனா காது நல்லாக் கேக்கும், சொல்றதெல்லாம் புரியும். வெங்காயம் கிலோ பத்து ரூபாய்க்குக் கேக்கறாங்கன்னு நான் போன்ல யார்கிட்டயாவது புலம்பினா, அவ முகம் எனக்கு முன்னாடி சுண்டிப் போகும். அப்படிப்பட்ட பிள்ளை.

ஆறு வயசுல ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேர்த்தோம். மகள் மடியில வச்சுப் பிடிச்சுக்குவா, நான் எக்ஸல் வண்டி ஓட்டுவேன். மூணு வாரம் போனோம். வகுப்புக்கு ஏற மூணு படி. கக்கூஸுக்குத் தூக்கிட்டுப் போக ஆள் இல்லை, மகள் நாள் பூராவும் வெளியில வேப்ப மரத்தடியில உக்காந்திருக்கணும். நாலாவது வாரம் கூப்பிட்டுச் சொன்னாங்க: "இங்க வச்சுப் பார்க்க முடியாதுங்க. வீட்டுலயே வச்சுக்குங்க. ரிஜிஸ்டர்ல பேர் இருக்கும், சிறப்பாசிரியர் வீட்டுக்கே வருவாங்க." ஒரு தாள் நீட்டினாங்க. மகள் கையெழுத்துப் போட்டா. வீட்டுக்கு வந்து நகலைப் படிச்சுப் பார்த்தா, "பெற்றோர் விருப்பத்தின் பேரில்"னு எழுதியிருக்கு.

நான் பத்தாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவன். சட்டமெல்லாம் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்டக் கேட்டுப் பின்னாடி புரிஞ்சுக்கிட்டேன். 2009-ல வந்த கட்டாயக் கல்விச் சட்டத்துல 2012-ல ஒரு திருத்தம் பண்ணியிருக்காங்க. கடுமையான குறைபாடு இருக்கற பிள்ளைக்கு வீட்டுல இருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்தெடுக்கற உரிமை உண்டுன்னு அதுல இருக்கு. உரிமை பிள்ளைக்கு, தேர்ந்தெடுக்கறது குடும்பம். பள்ளிக்கூடம் படியை இடிச்சுச் சாய்தளம் கட்டாம இருக்கறதுக்கு அந்தச் சட்டத்துல வழி சொல்லலை. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 6 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி, பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயோ சிறப்புப் பள்ளியிலயோ எது வேணுமோ அதுலன்னு சொல்லுது. எங்களுக்கு இதெல்லாம் ஒருத்தரும் சொல்லலை. வெளிய அனுப்பிட்டு, நாங்களே கேட்டு வாங்கின மாதிரி எழுதிக்கிட்டாங்க.

இப்ப நாங்க நெசமாவே வீட்டுக் கல்வியைத்தான் விரும்பறோம், அது வேற. வெயில் தாங்காது, வலிப்பு வந்தா பக்கத்துல அம்மா வேணும். வீட்டுல அவ நல்லாப் படிக்கறா. அதுக்காக யார்கிட்டயும் தலை குனிய வேண்டியதில்லை. ஆனா நாங்க இந்த முடிவுக்கு வந்தது பின்னாடி. தாள் எழுதினது முன்னாடி.

சரி, வீட்டுக்கு வந்த டீச்சர் கதைக்கு வர்றேன்.

முதல்ல வந்தவங்க மாசக் கடைசியில ஒரு நாள் வருவாங்க. சொல்லாம வருவாங்க. பாப்பா மாத்திரை போட்டுட்டு அசந்து தூங்கற மத்தியான நேரமாப் பார்த்து வருவாங்க. தூங்கற பிள்ளையை எழுப்பி, சுவத்துல சாய்ச்சு, பையில இருந்து கலர் கட்டை, படம் போட்ட அட்டை, ஒரு மஞ்சப் பந்து எல்லாத்தையும் எடுத்துப் பாய்ல பரப்புவாங்க. போன்ல போட்டோ எடுப்பாங்க. மகள்கிட்ட நாலு வாரத்துக்கும் சேர்த்து நாலு கையெழுத்து வாங்குவாங்க. அப்புறம் எல்லாத்தையும் பழையபடி பையில போட்டுக்குவாங்க. அந்த மஞ்சப் பந்து பைக்குள்ள போறப்ப பாப்பா ஓன்னு அழுவா. பத்து நிமிசம்கூட ஆகியிருக்காது.

அறிக்கையில என்ன எழுதினாங்க தெரியுமா? "ஒத்துழைப்பு இல்லை. முன்னேற்றம் இல்லை."

விவசாயிக்கு இது பழகின வியாதிங்க. எங்களுக்கு அடங்கல்னு ஒண்ணு உண்டு. எந்தக் காட்டுல என்ன பயிர் நிக்குதுன்னு எழுதற அரசாங்கக் கணக்கு. எழுதறவர் வரப்புல நடந்து பார்த்து எழுதணும். சில வருசம் டீக்கடையிலயே உக்காந்து போன வருசம் போட்டதையே திரும்பப் போட்டுடுவாங்க. என் காட்டுல வெங்காயம் அழுகிக் கிடக்கும், கணக்குல சோளம் செழிப்பா நிக்கும். நஷ்டத்துக்கு மனு குடுக்கப் போனா, "நீங்க போட்டது சோளமாச்சே"ம்பாங்க. மண்ணுல இருக்கறது தோத்துப் போகும், தாள்ல இருக்கறது ஜெயிக்கும்.

பாப்பா விஷயத்துலயும் அதேதான். இன்னிக்கு ஒருத்தர் அவசரத்துல எழுதற "முன்னேற்றம் இல்லை" நாளைக்கும் கூட வரும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கூடுதலா ஒரு மணி நேரம், சொல்றதை எழுத ஒரு ஆள், மொழிப்பாட விலக்குன்னு சலுகைகள் இருக்கு. அதெல்லாம் கேட்டு நாங்க போய் நிக்கறப்ப, இந்தப் பிள்ளைக்கு எதுக்குப் பரீட்சைன்னு யாராவது கேட்டா, அவங்க கையில இருக்கப் போறது அந்த ரெண்டு வார்த்தை.

எங்க மேலயும் தப்பு இருக்கு, மறைக்கலை. நாலஞ்சு மாசம் பொறுத்தேன். அப்புறம் கோபம் வந்து, ஸ்கூட்டி சத்தம் கேட்டா நாயை அவிழ்த்து விட ஆரம்பிச்சேன். "பாப்பா தூங்குது, இன்னொரு நாளைக்கு வாங்க"ன்னு மகளைச் சொல்ல வச்சேன். அவங்களும் வர்றதை நிறுத்திட்டாங்க. யாருக்கு நஷ்டம்? வருசா வருசம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கும். அந்த வருசம் வந்தவர் வாசல்ல நின்னுக்கிட்டே, "ஏனுங்க, பிள்ளையைப் படிக்க வைக்காம வீட்டுலயே போட்டு வச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டார். எங்க அம்மிணி, அதான் என் சம்சாரம், அடுப்பு வேலையைப் போட்டுட்டு வந்து கேட்ட கேள்வியை இங்க எழுத முடியாது. அவர் கையில இருந்த தாள்ல வீட்டுல படிக்கற பிள்ளைக்கு ஒரு இடம் இருந்துதோ என்னமோ, அவர் கண்ணுக்கு அது படலை.

அடுத்த ஜூன்ல புதுசா ஒரு டீச்சர் போட்டாங்க. வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் வந்துது. "ஐயா, நான் வட்டார வள மையத்துல இருந்து பேசறேன், புதுசா வந்திருக்கற சிறப்பாசிரியர். பாப்பா எந்த நேரத்துல நல்லா முழிச்சு, சந்தோசமா இருப்பா?"

அஞ்சு வருசத்துல அப்படி யாருமே கேட்டதில்லை. காத்தால சாப்பிட்டு முடிச்சு, பத்து மணியில இருந்து பதினொன்றரைக்குள்ளன்னு சொன்னேன். செவ்வாய்க்கிழமை சரியா பத்து மணிக்கு வந்தாங்க. நாயைக் கட்டிப் போட்டிருந்தேன்.

வந்தவங்க நோட்டைத் திறக்கலை, போனை எடுக்கலை. பாய்ல பாப்பா பக்கத்துல உக்காந்தாங்க. மகள்கிட்டக் கேட்டாங்க, "இவ வேண்டாம்னா எப்படிச் சொல்லுவா?" மகள் சொன்னா, "முகத்தைத் திருப்பிக்குவாங்க டீச்சர்." "வேணும்னா?" மகளுக்குச் சொல்லத் தெரியலை. நான் சொன்னேன், "மேல பார்ப்பாளுங்க. கண்ணு ரெண்டும் மேல போகும்."

அப்புறம் கொஞ்சம் வெக்கத்தோட என் வித்தையைக் காட்டினேன். கடலை உரிக்கறப்ப பாப்பாவைப் பக்கத்துல சாய்ச்சு வச்சுக்குவேன். சும்மா இருக்கறதுக்கு, மூணு கடலை ஒரு குவியல், அஞ்சு கடலை ஒரு குவியல், ஏழு ஒரு குவியல்னு வச்சு, "அஞ்சு எங்க சாமி?"ன்னு கேப்பேன். அவ பார்க்கற குவியலை எண்ணினா அஞ்சு இருக்கும். சாயங்காலம் ஆடு பட்டியில அடையறப்ப "இன்னிக்கு ஒண்ணு குறையுதா?"ன்னு கேட்டா மேல பார்ப்பா. எண்ணிப் பார்த்தா ஒண்ணு வேலியோரம் நிக்கும். எனக்கு இது விளையாட்டு. படிப்புன்னு எனக்கே தெரியாது.

டீச்சர் கால் மணி நேரம் பேசாமப் பார்த்துட்டு இருந்தாங்க. "ஐயா, பாதிப் பாடத்தை நீங்களே ஆரம்பிச்சுட்டீங்க. நான் இதுல இருந்தே போறேன்"ன்னாங்க. அடுத்த வாரம் ஒரு பெரிய அட்டையோட வந்தாங்க. நாலு மூலையிலயும் நாலு படம்: தண்ணி, அம்மா, வேண்டாம், வலிக்குது. பாப்பா எந்த மூலையைப் பார்க்கறாளோ அதுதான் அவ சொல்ற வார்த்தை. மகளுக்கு அதை எப்படிப் பிடிக்கணும், எவ்வளவு நேரம் பொறுத்திருக்கணும்னு கத்துக் குடுத்தாங்க. பொறுத்திருக்கறதுதான் கஷ்டம். பாப்பா கண்ணு போய்ச் சேர்றதுக்கு நேரம் ஆகும்.

மூணாவது வாரம் நடந்ததைச் சொல்றேன். பாப்பாவுக்குக் கால் வளையாம இருக்க, பாதத்துல இருந்து முழங்கால் வரைக்கும் மாட்டற பிளாஸ்டிக் பட்டை ஒண்ணு முகாம்ல குடுத்திருந்தாங்க. காத்தால அதை மாட்டினா அழுவா. பிடிவாதம்னு நெனச்சு, நானே ரெண்டு தடவை அதட்டியிருக்கேன். அன்னிக்கு அதை மாட்டிட்டு மகள் அட்டையைக் காட்டினா. பாப்பா "வலிக்குது"வைப் பார்த்தா. திருப்பிக் காட்டினா, திரும்பவும் அதே மூலை. டீச்சர் பட்டையைக் கழட்டிப் பார்த்தாங்க. குதிகால்கிட்ட தோல் கன்னிப் போய்ப் புண் ஆரம்பிச்சிருந்துது. கால் வளர்ந்துடுச்சு, பட்டை வளரலை. எத்தனை மாசமா அப்படி இருந்துதோ. "ஒத்துழைப்பு இல்லை"ன்னு எழுதினாங்களே, அதுக்கு அர்த்தம் இதுதான். அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடலை.

இப்ப நான் அதிகாரிகளுக்குச் சொல்ல வந்ததைச் சொல்லிடறேன்.

வீட்டுல பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தர்ற குடும்பத்தைத் தேடி வர்றவங்க, முதல்ல பிள்ளையைப் பாருங்க, அப்புறம் தாளைப் பாருங்க. வாரத்துல ஒரு மணி நேரம் நீங்க இருக்கறீங்க, மிச்ச நேரமெல்லாம் அவளோட இருக்கறது அவ அம்மா. அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சதைக் கேக்காம நீங்க எழுதற எந்த அறிக்கையும் டீக்கடை அடங்கல்தான். வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க. திடீர்னு வந்தாத்தான் உண்மை தெரியும்னு சில பேர் நினைக்கறாங்க. திடீர்னு வந்தா தூங்கற பிள்ளைதான் தெரியும்.

ரெண்டாவது, எங்களுக்கு உண்டானதை நாங்க கேக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க. ரிஜிஸ்டர்ல பேர் இருக்கற பிள்ளைக்குப் பாடப் புத்தகம், சீருடை எல்லாம் உண்டு. மாற்றுத்திறனாளி பெண் குழந்தைக்கு மாசம் 200 ரூபாய் வீதம் 10 மாசத்துக்கு ஊக்கத்தொகை உண்டு. எங்களுக்கு இது தெரியவே ரெண்டு வருசம் ஆச்சு. பணம் பெருசில்லை. புது டீச்சர் பள்ளிக்கூடத்துல கேட்டுச் சீருடை வாங்கிட்டு வந்து குடுத்தப்ப, பாப்பா அதைக் கழட்ட விடலை. செவ்வாய்க்கிழமைன்னா அதைத்தான் போடணும். தானும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைன்னு அவளுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

மூணாவது, வீட்டுக் கல்வின்னா பள்ளிக்கூடத்துக் கதவைச் சாத்திட்டோம்னு அர்த்தம் ஆகிடக் கூடாது. போன சுதந்திர தினத்துக்கு அந்த டீச்சரே தலைமை ஆசிரியர்கிட்டப் பேசி, பாப்பாவைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. கொடியேத்தி முடிஞ்சதும் அவ வகுப்புப் பிள்ளைங்க நாலு பேர் சாளைக்கே வந்து ஆட்டுக்குட்டியோட விளையாடிட்டுப் போனாங்க. இப்பவும் சனிக்கிழமை வர்றாங்க. அட்டை பிடிக்க அவங்களுக்கும் தெரியும். பெரியவங்களை விட அவங்க நல்லாப் பொறுத்திருக்காங்க.

இவ்வளவு எழுதிட்டு, முதல்ல வந்த டீச்சரை மட்டும் திட்டிட்டுப் போனா நான் யோக்கியன் இல்லை. இந்தச் சிறப்பாசிரியர்கள் தொகுப்பூதியத்துல வேலை பார்க்கறவங்க. வருசக் கணக்கா வேலை பார்த்தும் நிரந்தரம் ஆகலைன்னு போராடிட்டு இருக்காங்க. ஒரு வட்டாரம் பூராவும் சுத்தணும், ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் நடுவுல இருக்கற தூரம் பெட்ரோல் போடறவங்களுக்குத்தான் தெரியும். மேல இருக்கறவங்க அவங்ககிட்டக் கேக்கறது போட்டோ வந்துதா, கையெழுத்து வந்துதான்னு மட்டும்தான். பிள்ளை என்ன சொன்னான்னு யாரும் கேக்கறதில்லை. கேக்காத ஒண்ணை ஒருத்தர் எத்தனை நாளைக்கு மெனக்கெட்டுச் செய்வார்? ரெண்டாவதா வந்த டீச்சர் செய்யறாங்கன்னா அது அவங்க மனசு. ஒரு திட்டம் தனி மனுசர் மனசை நம்பி ஓடக் கூடாது. முதல் டீச்சருக்கும் பாதிப் பிள்ளைகளும் கூடுதல் நேரமும் குடுத்திருந்தா, ஒருவேளை அவங்களும் பாய்ல உக்காந்திருப்பாங்க.

அதனாலதான் இதை டவுன்ல இருக்கற உங்களுக்கு எழுதறேன். அந்தத் தாள்ல எந்தெந்தக் கட்டம் இருக்கணும்னு முடிவு பண்றவங்க எங்க ஊர்ல இல்லை, உங்க பக்கம்தான் இருக்காங்க. போட்டோ வந்தாத்தான் அடுத்த பக்கம் திறக்கும்னு போன்ல செயலி எழுதறவர் உங்க அபார்ட்மெண்டுலயே குடியிருக்கலாம். கையெழுத்துப் போடற அதிகாரி உங்க கூடப் படிச்சவரா இருக்கலாம். பார்த்தா ஒண்ணு கேளுங்க: "இந்தப் பிள்ளை எப்படிப் பேசும்?"னு ஒரு கட்டம் போட முடியுமான்னு. அதை நிரப்பணும்னா வந்தவர் உக்காந்துதான் ஆகணும்.

ஜூன் பொறந்தா டீச்சரை வேற வட்டாரத்துக்கு மாத்தினாலும் மாத்துவாங்களாம், அவங்களே சொன்னாங்க. மகள் அன்னிக்கு அழுதா. நான் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிட்டு வந்தேன். பாப்பா எதுக்கு மேல பார்ப்பா, எதுக்கு முகத்தைத் திருப்புவா, எந்தக் கதைக்குச் சிரிப்பா, எத்தனை வரைக்கும் எண்ணுவா, எந்த மாத்திரை போட்டா எத்தனை மணிக்குத் தூங்குவா, எல்லாத்தையும் மகளும் நானும் உக்காந்து எழுதிட்டு இருக்கோம். பாதி நோட்டு ஆச்சு. சரியா எழுதியிருக்கமான்னு பாப்பாகிட்டயே படிச்சுக் காட்டறோம். ரெண்டு இடத்துல முகத்தைத் திருப்பிட்டா, திருத்தியாச்சு.

புதுசா யார் வந்தாலும் சரி, நாயைக் கட்டி வைக்கறேன், மோர் தர்றேன். முதல்ல அந்த நோட்டைப் படிங்க. போட்டோ அப்புறம் எடுத்துக்கலாம்.